உள்ளங்காலில் ஒரு கறுப்பு

1

எங்கள் தெருவில் மூக்கு முழுசாக இருக்கிற ஆள் நான் ஒருத்திதான் என்று சொன்னால் ஓசூரில் யாரும் நம்ப மாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் இந்த பிரிஸ்பேன் வெயில் அப்படி. எதிர்வீட்டுக்காரருக்கு மூக்கு நுனியை வெட்டி எடுத்து, நெற்றித் தோலை இறக்கி ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு டொரீனுக்கு மூக்கில் ஒரு தரம், காதில் ஒரு தரம் கத்தி பட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காய்கறிச் சந்தைக்குப் போனால் கிழவர்களில் பாதிப் பேர் முகத்தில் பிளாஸ்திரியோடுதான் வெண்டைக்காய் பொறுக்குவார்கள்.

டொரீன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். நம்ம ஊரில் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசுகிற மாதிரி அவள் தோல் புற்றுநோயைப் பற்றிப் பேசுவாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி எனக்கு வகுப்பே எடுத்திருக்கிறாள். முத்து மாதிரி பளபளவென்று ஒரு சின்னப் பரு வந்து, ஆறுவதும் ரத்தம் கசிவதுமாக இருந்தால் அது ஒரு வகை. மெதுவாக வளரும், வெட்டி எடுத்தால் தீர்ந்தது. செதிலும் தடிப்புமாக, ஆறவே ஆறாத புண் இன்னொரு வகை. அது கொஞ்சம் பொல்லாதது. மூன்றாவதுதான் கறுப்பு. மச்சம் மாதிரி வரும், ஆனால் மச்சத்துக்கு உள்ள ஒழுங்கு அதற்கு இருக்காது. ஓரம் கோணல்மாணலாக ஓடும், ஒரே இடத்தில் ரெண்டு மூணு நிறம் தெரியும், நாளாக நாளாகப் பெருத்துக்கொண்டே போகும். "அதைப் பார்த்தால் யோசித்துக்கொண்டு நிற்காதே, டாக்டரிடம் ஓடு" என்பாள். அப்புறம் என் கையைத் தடவிப் பார்த்து, "உனக்கு அந்தக் கவலை இல்லை, நல்ல தோல் வாங்கிக்கொண்டு பிறந்திருக்கிறாய்" என்று பெருமூச்சு விடுவாள். பெண் பார்க்க வந்தவர்கள் இதே தோலைப் பார்த்து என்னென்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்று அவளிடம் நான் சொன்னதில்லை.

போன மாதம் என் கன்னத்தில் இருக்கிற பாலுண்ணியைப் பார்த்துவிட்டு, காட்டியே ஆக வேண்டும் என்று பிடிவாதமாகத் தோல் டாக்டரிடம் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். அங்கே சுவரில் ஆறு நிறத்தில் ஒரு அட்டை மாட்டியிருந்தது, பால் நிறத்தில் ஆரம்பித்து அடுப்புக்கரியில் முடிகிறது. வரவேற்பு மேசையில் இருந்த பெண் என் முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்து, ஐந்தாவது என்று முடிவு செய்து, "உங்களுக்கு ஆபத்து குறைவுதான்" என்று சிரித்தாள். புடவைக் கடையில் கலர் பார்த்த மாதிரி ஆகிவிட்டது என் பிழைப்பு.

டாக்டர் சின்னப் பையன், என் மகளைவிட இளையவனாக இருப்பான். முகம், கழுத்து, கை, முதுகு எல்லாம் பார்த்தான். பாலுண்ணி ஒன்றுமில்லை என்றான். எனக்கு அந்தச் சொல்லுக்கு இங்கிலீஷ் தெரியாமல் "பால்" என்றும் "உண்ணி" என்றும் எதையோ உளறியிருந்தேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். மச்சம், மரு, பாலுண்ணி, தேமல், படை என்று நமக்கு ஆயிரம் பேர் இருக்கிறது, இவர்களுக்கு எல்லாமே "ஸ்பாட்"தான். கடைசியாக, "செருப்பைக் கழற்றுங்கள், பாதத்தையும் பார்த்துவிடலாம்" என்றான்.

"பாதத்தில் ஒன்றும் இல்லை" என்றேன். "இடது உள்ளங்காலில் கொஞ்சம் கறுப்பு இருக்கிறது. அது செருப்புச் சாயம், எவ்வளவு தேய்த்தாலும் போக மாட்டேன் என்கிறது."

சொல்லும்போதே என் கால் தானாக நாற்காலிக்கு அடியில் போய்விட்டது. அவன் தலையாட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். இதே பேச்சை, இதே மாதிரி காலை இழுத்துக்கொண்டு, எங்கம்மா ஒருத்தரிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

2

ஓசூரை ஒட்டின எங்கள் ஊர் மூக்கண்டப்பள்ளி என்றால் இப்போது உங்களுக்குக் கம்பெனி, ஷிப்ட் பஸ், வரிசையாக வாடகை வீடு. ஐம்பதுகளில் அது ராகிக் கொல்லை. ஓசூர் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. சேலத்தை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை, எங்களுக்குப் பெரிய ஊர் என்றால் பெங்களூர்தான். கார்த்திகை, மார்கழியில் பனி இறங்கினால் மத்தியானம் வரைக்கும் மண் ஜில்லென்று இருக்கும். அவரைக்கொட்டைக் குழம்பும் களியும் சேர்ந்து வருகிற வாசனையை நினைத்தால் இங்கே இந்தப் பளபள சமையலறையில் எனக்கு அழுகை வருகிறது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். கொல்லையில் தமிழ், வீட்டில் அம்மாவோடு தெலுங்கு, சந்தையில் கன்னடம் என்று மூன்று பாஷையிலும் திட்டு வாங்கி வளர்ந்தவள் நான்.

அம்மா பேர் எல்லம்மா, பாகலூர்ப் பக்கத்துப் பெண். ஆள் சின்னதாக இருப்பாள், வாய் மட்டும் பெருசு. அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனா ஒரு வார்த்தை பேசினால் அம்மா ஒன்பது பேசுவாள். அவள் வாய் அடங்குகிற இடம் ஒன்றே ஒன்றுதான், நைனாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா முன்னால். குடும்பத்துக்குப் பெரியவர் அவர். அவர் இருக்கிற இடத்தில் அம்மா உட்கார மாட்டாள். உட்கார்ந்தே ஆக வேண்டும் என்றாலும் கால் விரல்கூடத் தெரியாமல் புடவைக்குள் மடக்கிக்கொள்வாள். பெரியவர்களுக்கு எதிரே பெண் பிள்ளை காலை நீட்டுவதா என்று எனக்கும் சின்ன வயசிலேயே தொடையில் கிள்ளிக் கிள்ளிச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

எனக்கு எட்டு ஒன்பது வயசு இருக்கும்போது அம்மாவின் முழங்கைக்குக் கீழே வெளிறினாற்போல ஒரு திட்டு வந்தது. முதலில் தேமல் என்றார்கள். பூவரசங்காய்ப் பால் தடவினார்கள், மறையவில்லை. ஒரு நாள் பெரியம்மா அந்தத் திட்டை உற்றுப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். அன்றைக்குச் சாயங்காலமே பெரியப்பா நைனாவைக் கூப்பிட்டார். "ஏம்பா, பெரிய வியாதியா இருக்கப் போவுது. குழந்த குட்டிங்க இருக்கிற ஊடு. கொஞ்ச நாளைக்கு அவளத் தனியா வெச்சுடு" என்றார்.

பெரிய வியாதி என்றால் தொழுநோய். அந்தப் பேரை யாரும் வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள். அம்மாவுக்கு மாட்டுக்கொட்டகைப் பக்கத்தில் கோணியைக் கட்டித் தடுப்பு போட்டார்கள். தட்டு, சொம்பு எல்லாம் தனி. என் தம்பி முனிராஜ் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான், அவனைப் பெரியம்மா தூக்கிக்கொண்டாள். அவன் அழுகிற சத்தம் கேட்டால் அம்மா கோணிக்கு அந்தப் பக்கம் மாரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

பெரியப்பா இல்லாத நேரத்தில் அவள் வாய் திரும்பி வந்துவிடும். "நான் தொட்டா ஒட்டிக்குமாம். இத்தினி வருசமா நான் கெளறின களியத் துன்னவங்களுக்கு எல்லாம் ஒட்டிக்கினு இருக்கணுமே, ஏன் ஒட்டல?" என்று எருமையிடம் கேட்பாள். எருமை என்ன சொல்லும்?

அந்தச் சமயத்தில்தான் காலில் முள் குத்தினது. கருவேல முள். முள் குத்தின இடத்தில் சேங்கொட்டை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். துணி வெளுக்கிறவர்கள் அழியாமல் குறி போடுவார்களே, அதே கொட்டைதான். ஊசியில் குத்தி விளக்கில் காட்டினால் கறுப்பாக எண்ணெய் சொட்டும், அதைத் தொட்டு வைத்தால் சீழ் பிடிக்காது என்று நம்பிக்கை. வைத்த இடம் கறுத்துப்போகும், கொஞ்ச நாளில் தோல் உரிந்து கறை போய்விடும். ஊரில் உள்ளங்காலில் இந்தக் கறை இல்லாத ஆளே கிடையாது, என் காலிலும் உண்டு.

அம்மா காலில் வைத்த கறை போகவில்லை. போகவில்லையே என்று நைனா இன்னொரு தரம் வைத்தார். அதற்கு அப்புறம் அதை யாரும் கவனிக்கவில்லை. வீடே அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. காலையில் எழுந்ததும் நைனா கோணிக்கு வெளியே நின்று, "கைய நீட்டு, பாக்கலாம்" என்பார். திட்டு பெருசாகியிருக்கிறதா என்று கரித்துண்டால் சுற்றிக் கோடு போட்டு வைத்துப் பார்ப்பார். நானும்தான் அந்தக் கையைப் பார்த்து, ஊர்த் தெய்வம் ஒன்று விடாமல் வேண்டிக்கொண்டேன்.

3

தொழுநோய் பார்க்கிறவர்கள் ஜீப்பில் வந்து ஊர் ஊராகச் சோதிப்பது உண்டு. எங்கள் ஊருக்கு வந்தபோது புளியமரத்தடியில் மேசை போட்டார்கள். அம்மாவை நைனா கூட்டிக்கொண்டு போனார், நானும் பின்னாலேயே போனேன். ஊரே தள்ளி நின்று வேடிக்கை பார்த்தது. சோதிக்கிறவர் கண்ணாடி போட்டவர், கோயம்புத்தூர்ப் பேச்சு. அவருக்குப் பக்கத்தில் மரியாதைக்கு ஒரு நாற்காலி போட்டுப் பெரியப்பாவை உட்கார வைத்திருந்தார்கள்.

"கண்ணை மூடிக்குங்கம்மா. நான் தொட்ட எடத்த வெரலால தொட்டுக் காட்டுங்க" என்றார் அவர். கோழி இறகு ஒன்றை எடுத்து அந்த வெள்ளைத் திட்டில் லேசாக வைத்தார். அம்மா சட்டென்று அதே இடத்தில் விரலை வைத்தாள். இன்னொரு பக்கம் வைத்தார், அங்கேயும் காட்டினாள். ஒரு கண்ணாடிக் குழாயில் வெந்நீர், இன்னொன்றில் பச்சைத் தண்ணீர் வைத்துத் தொட்டு எது சூடு, எது ஜில்லென்று கேட்டார். எல்லாம் சரியாகச் சொன்னாள்.

"இது தேமலுங்க. அந்த வியாதி வந்த எடம்னா மரத்துப்போயிரும், தொட்டாத் தெரியாது" என்று பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் அம்மாவிடம், "எதுக்கும் காலையும் காட்டிருங்கம்மா" என்றார்.

எதிரே பெரியப்பா உட்கார்ந்திருந்தார். அம்மா புடவையைக் கொஞ்சம்போலத் தூக்கிப் புறங்காலை மட்டும் காட்டினாள்.

"அடிக்கால்ல புண்ணு, கிண்ணு ஏதாச்சும்?"

"புண்ணு இல்லீங்க. கறுப்பா இருக்கும், அது சேங்கொட்டக் கற" என்று சொல்லிக்கொண்டே காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அவரும் தலையாட்டினார். பெரியப்பாவும் தலையாட்டினார். அதற்கு மேல் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றுகிற மாதிரி நாங்கள் நின்றுகொண்டிருக்கவும் இல்லை. வியாதி இல்லை என்ற வார்த்தையிலேயே நைனா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு வீட்டில் கோழி அடித்தார்கள். பெரியம்மா தம்பியைக் கொண்டுவந்து அம்மா மடியில் போட்டாள். அவன் இத்தனை நாள் பழக்கம் விட்டுப்போனதில் முகத்தைத் திருப்பிக்கொண்டான், அப்புறம் ஒட்டிக்கொண்டான். என் ஆயுசில் எங்கள் வீடு அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் அதுதான்.

அடுத்த அறுவடைக்குள் அந்தக் கறுப்பு ஒரு எலந்தைப்பழம் அளவு தடித்து, நடுவில் வெடித்துவிட்டது. நடந்தால் தரையில் ரத்தம் பட்டது. பிறகு தொடை இடுக்கில் நெறி கட்டினது. காலில் முள் குத்தினால் நெறி கட்டுவது சகஜம்தான் என்று உப்பு ஒத்தடம் கொடுத்தார்கள். நெறி கரையவில்லை, கல்லாக இறுகினது. அதற்கு மேல்தான் பெங்களூர்ப் பெரிய ஆஸ்பத்திரி.

அங்கே டாக்டர் முதல் காரியமாக அம்மாவின் காலைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பெரியப்பாவும் கூட வந்திருந்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் நைனாவிடம் கன்னடத்தில் ரொம்ப நேரம் பேசினார். ஆரம்பத்தில் வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம், இப்போது காலையே எடுத்தாலும் பலனில்லை, நெறிக்கு மேலே போய்விட்டது என்று சொன்னாராம். நைனா வெளியே வந்து பெரியப்பாவிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "கையத்தானேண்ணா பாத்துக்கினு இருந்தம்?"

அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பொங்கலுக்கு முன்னால் அம்மா போய்விட்டாள்.

4

டாக்டர் பையன் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தான். "கொஞ்சம் இரு தம்பி" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவன் திரும்பினான். நான் செருப்பைக் கழற்றி, இடது காலைத் தூக்கி, அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன். ஒரு ஆண்பிள்ளைக்கு எதிரே இப்படி நீட்ட எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவன் சங்கடப்படவே இல்லை. காலை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, லென்ஸ் மாதிரி ஒரு கருவியை வைத்துப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

அப்புறம் எனக்குப் புரிகிற இங்கிலீஷில் விளக்கினான். கையில் ரேகை இருக்கிற மாதிரி உள்ளங்காலிலும் மேடும் பள்ளமுமாக வரி இருக்கிறது. சாதாரண மச்சம் என்றால் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் ஓடும். எனக்கு மேட்டில் ஓடுகிறது. ஏர் ஓட்டின கொல்லையில் சால் பள்ளத்தை விட்டுவிட்டு மேட்டில் தண்ணீர் நின்றால் எங்கேயோ கோளாறு என்று நான் புரிந்துகொண்டேன். டொரீன் சொன்ன அந்தக் கறுப்பில் இந்த வகை வெயிலால் வருவதில்லை, கறுப்புத் தோலுக்கும் வரும், உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து வரும் என்றான். சுவரில் இருந்த அட்டையை ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.

"குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?" என்று கேட்டான். "எங்கம்மாவுக்கு" என்றேன். அவள் போய் இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவள் வியாதிக்கு முதன்முதலாகப் பேர் வைத்தது நான்தான். எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. எனக்குச் சந்தேகம் இல்லை.

வெட்டிச் சோதிக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு அம்மாள் என் அம்மாவின் பிறந்த தேதி வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். தெரியாது என்றேன். செத்த தேதி? பொங்கலுக்கு முன்னால் என்றேன். அவளுடைய கம்ப்யூட்டர் பொங்கலை ஏற்றுக்கொள்ளவில்லை, காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. கடைசியில் அவளே ஏதோ ஒரு வருஷத்து ஜனவரி முதல் தேதியைப் போட்டு அனுப்பிவிட்டாள். எங்கம்மா இங்கிலீஷ் வருஷப் பிறப்பில் பிறந்தவளாகிவிட்டாள்.

மகள் கவிதாவுக்குப் போன் செய்தேன். மெல்போர்னில் இருக்கிறாள். எங்கள் பேச்சு வாரத்துக்கு ஒரு தரம், "சாப்ட்டியா, சாப்ட்டேன்" அளவில் நின்று ரொம்ப நாள் ஆகிறது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அவளுக்குத் தமிழ் குறையக் குறைய எனக்குப் பேச விஷயம் குறைந்துபோயிற்று. விஷயத்தைச் சொன்னேன். "பாட்டி காலில் புண் வந்து இறந்ததாகத்தானே சொன்னாய்? இப்படி என்று ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. "எனக்கே இப்பத்தான்டி தெரிஞ்சுது" என்றேன். அடுத்த விமானத்தில் வந்து இறங்கினாள். வந்தவள் வாசலிலேயே பெட்டியை வைத்துவிட்டுத் தன் காலைத்தான் எனக்குக் காட்டினாள். ரெண்டு கால், ரெண்டு கை, இருபது நகம், ஒன்று விடாமல் நான் பார்த்து முடிக்கும் வரை என் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

5

முடிவு வந்துவிட்டது. அதேதான். ஆனால் தோலின் மேல் அடுக்கோடு நின்றிருக்கிறது, உள்ளே இறங்கவில்லை. சுற்றிலும் கொஞ்சம் சேர்த்து வெட்டி எடுத்து, தொடைத் தோலை ஒட்டியிருக்கிறார்கள். இனிமேல் வருஷம் தவறாமல் சோதித்தால் போதும் என்கிறார்கள். நான் பிழைத்துக்கொண்டேன். டொரீன் கேக் சுட்டுக்கொண்டு வந்து, "உன் தோலை நம்பினேனே" என்று அழுதாள். நானும் அழுதேன். அவளுக்கு எனக்காக அழுகை, எனக்கு அம்மாவுக்காக. இவ்வளவுதானா, ஒரு விரல் அகலத் தோல்தானா, இதற்கா அவள் போனாள் என்று எனக்கு ஆறவே இல்லை.

படுக்கையில் இருந்தபடி மூக்கண்டப்பள்ளிக்குப் போன் போட்டேன். முனிராஜ் முப்பது வருஷத்துக்கு மேல் கம்பெனியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். நாளெல்லாம் கனமான ஷூவுக்குள் கிடந்த கால் அவனுடையது, உள்ளங்காலை அவன் கடைசியாக எப்போது பார்த்தானோ.

"சாக்ஸக் கழட்டு" என்றேன்.

"என்னாக்கா, ஆப்பரேசன் பண்ணிக்கினு படுத்துங்கீற, சாக்ஸு கழட்டுன்ற?"

"கழட்டுடா. வெளிச்சத்துல ஒக்காந்து அடிக்காலப் பாரு. முடியலேன்னா கண்ணாடியக் கீழ வெச்சுப் பாரு."

முனகிக்கொண்டே பார்த்தான். பிள்ளையைக் கூப்பிட்டு வீடியோவிலும் காட்டச் சொன்னேன். ரெண்டு காலும் சுத்தமாக இருந்தன. விரல் இடுக்கு, நகம் எல்லாம் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அதற்கப்புறம்தான் அம்மாவுக்கு நடந்ததை முதலில் இருந்து கடைசி வரை அவனுக்குச் சொன்னேன். அவனுக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. அவள் போனபோது நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். வீட்டில் அவளுடைய படம்கூட ஒன்று கிடையாது.

"அக்கா, அந்தக் கறுப்ப உடு. அம்மா காலு எப்பிடி இருக்கும்?" என்று கேட்டான்.

முகத்தைக் கேட்டிருந்தால் எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது, அது எப்போதோ கலைந்துபோய்விட்டது. கால் ஞாபகம் இருந்தது. கடைசி நாட்களில் அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டு மாற்றினவள் நான்தான்.

"சின்னக் காலுடா. குதிங்கால் வெடிப்புல செம்மண்ணு ஏறியிருக்கும், எத்தினி தேச்சாலும் போவாது. கட்ட வெரல உட அடுத்த வெரலு நீளம். சுண்டு வெரலு மட்டும் தரையத் தொடாம மேல தூக்கிக்கினு நிக்கும்."

படத்தில் அவன் முகம் தெரியவில்லை, குனிந்திருந்தான். தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் அப்பிடித்தான்க்கா இருக்குது" என்றான்.